விரலைப் பார்த்துக் கண்ணை அசைத்தால் பயம் போகுமா? கண்ணசைவுச் சிகிச்சை பற்றி ஓர் அறிமுகம்

மதுரைப் பக்கத்தில் யாரிடமாவது இந்தச் சிகிச்சையை விவரித்துப் பாருங்கள். சிகிச்சை தருபவர் எதிரில் உட்கார்ந்து இரண்டு விரல்களை உங்கள் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக நகர்த்துவார். தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் அந்த விரலைத் தொடர வேண்டும். கூடவே, வாழ்க்கையில் நடந்த ஒரு மோசமான சம்பவத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு சொன்னதுமே கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "கண்ணை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினா பயம் போயிருமா? அதுக்குப் பாண்டி கோவில்ல போய் ஒரு கயிறு கட்டிட்டு வந்துரலாமே" என்பார்.

நியாயமான கேள்விதான். உளவியல் பேராசிரியர்களே இதே சந்தேகத்தை வேறு வார்த்தைகளில் முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது கண் அசைவது மட்டும்தான். வேலையில் பெரும்பகுதி கண் அசையாத நேரத்தில்தான் நடக்கிறது. இது புரிந்துவிட்டால் யாரிடம் போகலாம், யாரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

ஒரு கற்பனை ஆளை வைத்துப் பேசுவோம். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வரும் குட்டி யானை வண்டி டிரைவர் அவர். ஒரு நாள் விடியற்காலையில் வாடிப்பட்டி தாண்டி நால்வழிச் சாலையில் வரும்போது, விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் வண்டி மோதிவிடுகிறது. பக்கத்து சீட்டில் இருந்த மச்சான், மனைவியின் தம்பி, அங்கேயே இறந்துபோகிறார். டிரைவருக்குக் கையில் எலும்பு முறிவு. இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிடுகிறது. "நீ பிழைச்சதே மறுபிறவிடா" என்று ஊரே சொல்கிறது.

ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. மல்லிகை வாசம் வந்தால் நெஞ்சு அடைக்கிறது. மதுரையில் மல்லிகை வாசம் இல்லாத தெருவுக்கு எங்கே போவது? பஸ்ஸில் முன் சீட்டில் தலை நிறையப் பூ வைத்தவர் உட்கார்ந்தால், இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் துள்ளி எழுகிறார். துள்ளியதை நினைத்து வெட்கம், அந்த வெட்கத்தில் பிள்ளைகள் மேல் எரிச்சல். நடுராத்திரியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறார். மனைவியின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. விபத்து நடந்து எட்டு மாதமாகிவிட்டது, அவருக்கு அது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.டி.எஸ்.டி. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் 1980-ல்தான் ஏறியது. நோய் அதைவிடப் பழையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பவம் கனவாகவோ காட்சியாகவோ திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குவது, உடம்பு எப்போதும் உஷாராகவே இருப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணங்கள் கறுத்துப்போவது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். விபத்து நடந்த முதல் வாரத்தில் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்றால் அது நோய் இல்லை. மனித உடம்பு அப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல், வீட்டார் துணையோடு சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்போதெல்லாம் மனம் வருந்திய யாரைப் பார்த்தாலும் "டிராமா" என்று முத்திரை குத்தும் பழக்கம் வந்திருக்கிறது.

சரி, நம் டிரைவருக்கு ஏன் தேறவில்லை?

சாதாரணமாக ஒரு நாள் நடந்தது மூளைக்குள் போகும்போது மற்ற நினைவுகளோடு பின்னிக்கொள்ளும். எப்போது நடந்தது, எங்கே நடந்தது, எப்படி முடிந்தது என்ற விவரங்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். இப்படி முன்பின் கோக்கும் வேலையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அமிக்டலா. உயிர் போகும் நேரத்தில் மணி மிகச் சத்தமாக அடிக்க, கோக்கும் வேலை சரியாக நடப்பதில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் எண்ணம். அதனால் அந்தச் சில நொடிகள் மட்டும் வாசம், சத்தம், உடம்பின் இறுக்கம் எல்லாம் அப்படியே பச்சையாகத் தங்கிவிடுகின்றன. சீமைக் கருவேல முள் காலில் ஏறி உள்ளேயே முறிந்துபோனால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மேலே தோல் மூடிவிடும், பார்த்தால் புண்ணே தெரியாது, ஆனால் அந்த இடத்தை ஊன்றினால் உயிர் போய் உயிர் வரும். நம் டிரைவர் மல்லிகை வாசத்தில் ஊன்றுகிறார்.

அந்த நினைவைத் திரும்ப எடுத்து, பாதுகாப்பான இடத்தில் வைத்து, மற்ற நினைவுகளோடு கோத்துவிடலாம் என்பதுதான் கண்ணசைவுச் சிகிச்சையின் அடிப்படை எண்ணம். இதை இ.எம்.டி.ஆர். (Eye Movement Desensitization and Reprocessing) என்றும் சொல்வார்கள். இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சைன் ஷபீரோ. 1987-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை அரித்துக்கொண்டிருந்த சில எண்ணங்கள் திடீரென்று வீரியம் இழந்ததைக் கவனித்தாராம். அந்த நேரத்தில் தன் கண்கள் தாமாகவே வேகமாக அங்குமிங்கும் அசைந்ததையும் கவனித்தாராம். எனக்கு இந்தக் கதை கொஞ்சம் சினிமாத்தனமாகவே படும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை 1989-ல் வெளியிட்டார். முதலில் அச்சத்தை மரத்துப்போகச் செய்யும் முறை என்றுதான் நினைத்தார். பிறகு நினைவே மறுபடி சீரமைகிறது என்ற முடிவுக்கு வந்து, இ.எம்.டி. என்றிருந்த பெயரை 1991-ல் இ.எம்.டி.ஆர். என்று நீட்டினார். 2019-ல் இறக்கும்வரை இந்த முறையைத் திருத்திக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருந்தார்.

அறைக்குள் என்ன நடக்கிறது

முறைப்படி இதில் எட்டுக் கட்டங்கள் உண்டு. எட்டையும் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. நம் டிரைவரோடு உள்ளே போவோம்.

முதல் நாள் யாரும் விரலை ஆட்டவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சிகிச்சை தரும் பெண் கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறார். தூக்கம் எப்படி, குடி உண்டா, சாகத் தோன்றியிருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, கண்ணில் கோளாறு உண்டா, சின்ன வயதில் வேறு அடி ஏதாவது விழுந்திருக்கிறதா. டிரைவருக்கு அலுப்பு. "விரலை ஆட்டுவீங்கன்னு சொன்னாங்க மேடம்" என்கிறார். "ஆட்டலாம்ணே, முதல்ல உங்களுக்கு நிறுத்தத் தெரியணும்" என்கிறார் அந்தப் பெண்.

நிறுத்தத் தெரிவது என்பது இதுதான். நினைவு பொங்கி வந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு நிதானத்துக்கு வரும் வழியை முதலில் பழக வேண்டும். மூச்சுப் பயிற்சி உண்டு. மனதுக்கு இதமான ஓர் இடத்தைக் கற்பனை செய்யும் பயிற்சியும் உண்டு. டிரைவர் மீனாட்சியம்மன் கோவில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு நிமிடத்தில் முகம் மாறுகிறது. கோவில் என்றால் பூ வாசம் கூடவே வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு, ஊரில் சித்தப்பா தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்குப் போகிறார்கள். குழாய்த் தண்ணீர் முதுகில் விழும் கனம், மோட்டார் சத்தம், வேப்பமர நிழல். இது நிற்கிறது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கையைத் தூக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடுகளுக்கு ஓரிரு அமர்வுகள் போகலாம். சின்ன வயதிலிருந்தே அடிபட்டவர்களுக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து முதல் பத்து நிமிடத்திலேயே விரலை நீட்டுபவரிடம் மாட்டாதீர்கள்.

அடுத்ததாக அந்த நினைவை எடுத்து மேஜையில் வைக்கிறார்கள். முழுக் கதையும் வேண்டாம், மிக மோசமான ஒரு காட்சி போதும். உடைந்த முன் கண்ணாடிக்கு அப்பால், ஹெட்லைட் வெளிச்சத்தில், ரோட்டில் கொட்டிக் கிடக்கும் மல்லிகை மொட்டு. அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? "நான்தான் அவனைக் கொன்னேன்." அதற்குப் பதிலாக என்ன நம்ப முடிந்தால் நன்றாக இருக்கும்? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "என்னால முடிஞ்சத நான் செஞ்சேன்." இந்த வாக்கியம் இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது, 1 முதல் 7 வரை? இரண்டு. காட்சியைப் பார்த்தால் எவ்வளவு வேதனை, 0 முதல் 10 வரை? ஒன்பது. உடம்பில் எங்கே? நெஞ்சில், கல்லு வச்ச மாதிரி. இந்த எண்களை அந்தப் பெண் குறித்துக்கொள்கிறார். பிறகு இவைதான் வழிகாட்டி.

அதற்கப்புறம்தான் விரல். காட்சி, அந்த வாக்கியம், நெஞ்சின் கனம் மூன்றையும் மனதில் பிடித்துக்கொண்டு கண்ணால் விரலைத் தொடர்கிறார். ஒரு சுற்று ஏறக்குறைய அரை நிமிடம். விரல் நிற்கிறது. "மூச்சை நல்லா விடுங்க. இப்ப என்ன வருதுண்ணே?"

"லாரியோட பின் பக்கம் தெரியுது."

"சரி, அதோடயே போங்க." மறுபடியும் விரல்.

சிகிச்சை தருபவர் அதிகம் பேசுவதில்லை. அறிவுரை இல்லை, "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்ற தேற்றல் இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரே கேள்வி. வருவது எதுவாக இருந்தாலும் அதிலிருந்து அடுத்த சுற்று. டிரைவருக்கு மாமியாரின் அழுகைச் சத்தம் வருகிறது. பிறகு, பள்ளிக்கூட வயதில் தம்பி கிணற்றுமேட்டில் விழுந்ததற்கு அப்பா இவரை அடித்தது வருகிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே புரியவில்லை. பிறகு விளக்கில்லாமல் நின்ற லாரி மேல் கோபம். கை நடுங்குமளவு கோபம். அழுகை. இன்னும் இரண்டு சுற்று. நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார்: "பிரேக் போட்டேன் மேடம். ரோட்டுல டயர் தடம் இருந்துச்சு. போலீஸ்காரங்களே காமிச்சாங்க."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டயர்த் தடம் அவருக்குப் புதிய செய்தி அல்ல. எட்டு மாதமாக அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் கொட்டிக் கிடந்த மல்லிகைக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவில் பாதை இல்லாமல் இருந்தது. காட்சி வரும்போது "நான்தான் கொன்னேன்" மட்டும் வந்தது, தடம் வரவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன. வெளியிலிருந்து யாராவது "உன் மேல தப்பில்லப்பா" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் காதோடு நின்றுபோனது. இது உள்ளிருந்து வந்தது. இந்தச் சிகிச்சையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். எல்லோருக்கும் இவ்வளவு சீராக நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சிலருக்கு ஒரே காட்சியில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். சிலருக்கு ஒன்றுமே வராது.

வேதனை எண் 0 அல்லது 1-க்கு இறங்கிய பிறகு, "என்னால முடிஞ்சத நான் செஞ்சேன்" என்ற வாக்கியத்தைப் பழைய காட்சியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சில சுற்றுகள். தலை முதல் கால்வரை உடம்பில் எங்காவது இறுக்கம் மிச்சம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. நேரம் முடிந்துவிட்டால், பாதியில் இருந்தாலும் பம்புசெட் தொட்டிக்குப் போய் ஆளை நிதானப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும். அடுத்த முறை வந்ததும் முதல் வேலை, போன தடவை தொட்டது எப்படி இருக்கிறது என்று கேட்பது. ஓர் அமர்வு பொதுவாக 60 முதல் 90 நிமிடம். மொத்தம் எத்தனை அமர்வு என்பது ஆளைப் பொறுத்தது. பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல் வழக்கமாக 8 முதல் 12 என்கிறது.

டிரைவர் மச்சானை மறந்துவிடுவாரா? மாட்டார். திதி அன்று அழுவார். அழ வேண்டியதுதான். துக்கத்தை எடுப்பது இந்தச் சிகிச்சையின் வேலை அல்ல. விபத்து எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்து முடிந்த ஒன்றாக அவர் உடம்புக்குப் படுவதுதான் வேலை.

அப்படியானால் கண் எதற்கு?

இங்கேதான் சண்டை. ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்ட் மெக்னலி 1999-லேயே காரசாரமாக எழுதினார்: இந்த முறையில் பலன் தருவது எதுவோ அது புதிதல்ல, எது புதிதோ அது பலன் தருவதல்ல என்பது அவர் வாதம். பயந்த நினைவைத் தவிர்க்காமல் எதிர்கொள்வது பழைய சிகிச்சைகளிலேயே இருக்கிறது, கண்ணசைவு வெறும் அலங்காரம் என்கிறார். 2001-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் கண்ணசைவு தேவையில்லை என்றுதான் சொன்னது. 2013-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு மாற்றிச் சொன்னது: கண்ணசைவு சேர்ந்தால் கூடுதல் பலன் இருக்கிறது என்று. வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

கண்ணசைவு ஏன் உதவலாம் என்பதற்கு இன்று வலுவாக நிற்கும் விளக்கத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரிய விஷயம் எதையும் எடுக்காதீர்கள். போன வாரம் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டர் கத்தியது போன்ற சின்ன எரிச்சல் ஒன்றைப் போதுமான அளவு தெளிவாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாருங்கள்: 93, 86, 79. கண்டக்டர் முகம் மங்கியிருக்கும். மூளையில் அந்தந்த நேரத்து வேலைக்கான இடம் மிகச் சிறியது. இரண்டு வேலை ஒன்றாக வந்தால் இரண்டுக்கும் முழு இடம் கிடைக்காது. நினைவைப் பிடித்தபடி விரலையும் தொடரும்போது, நினைவின் கூர்மை மழுங்குகிறது. அப்படி மழுங்கிய நிலையில் அது மறுபடி உள்ளே போய்ச் சேமிப்பாகிறது என்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

இந்த விளக்கம் சரியென்றால் வேறு ஒன்றும் உடைகிறது. இடது மூளையும் வலது மூளையும் இணைந்துகொள்கின்றன, அதனால்தான் குணமாகிறது என்று யூடியூபில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வில் கண்ணை மேலும் கீழுமாக அசைத்தபோதும் நினைவு மழுங்கத்தான் செய்தது. அப்புறம் இடம் வலம் என்ற கதைக்கு என்ன வேலை? கனவு காணும் தூக்கத்தில் கண் வேகமாக அசையும், அதைத்தான் இது நகல் செய்கிறது என்ற யூகமும் உண்டு. அழகான யூகம், நிரூபணம் போதாது. 2019-ல் தென்கொரிய விஞ்ஞானிகள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, இடமும் வலமுமாக மாறி மாறி வரும் வெளிச்சத்தைக் காட்டினால் எலிகளின் பயம் குறைவதையும் அதற்கான நரம்புப் பாதையையும் காட்டியது. எலி, எலிதான்.

கண் பார்வை சரியில்லாதவர்களுக்கு முழங்காலிலோ கையிலோ மாறி மாறித் தட்டுவார்கள், அல்லது இரண்டு காதிலும் மாறி மாறி ஒலி கொடுப்பார்கள். 1997-ல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, அங்கே குழந்தைகளுக்கு உதவப் போன லூசினா ஆர்ட்டிகாஸ் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து, தோள்பக்கத்தைத் தானே மாறி மாறித் தட்டிக்கொள்வது அது. வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்கிறார்கள். ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்துக்கே சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால் பேரிடர் நடந்த இடங்களில் பரவியது. படபடப்பு வரும்போது கொஞ்சம் நிதானமாக இதை நீங்கள் வீட்டில் செய்துகொள்ளலாம், தவறில்லை. ஆனால் அது சிகிச்சை ஆகிவிடாது.

சரி, பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஏன் என்பதில்தான் சண்டை, பலனில் பெரிய சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பி.டி.எஸ்.டி. உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), இன்னொன்று இது. இரண்டில் எது உயர்ந்தது என்றால், ஏறக்குறைய சமம் என்பதுதான் நேர்மையான பதில். பிரிட்டன் வழிகாட்டுதல் 2018-ல் இதை ஏற்றுக்கொண்டபோதும், போர்க்களத்தில் ஏற்பட்ட அதிர்ச்சிக்கு மட்டும் பரிந்துரைக்கவில்லை. மனச்சோர்வு, பதற்றம், நாள்பட்ட வலி என்று மற்றவற்றுக்கும் முயன்று பார்க்கிறார்கள். அங்கெல்லாம் ஆதாரம் இந்த அளவுக்குத் தேறவில்லை. பரீட்சையில் மார்க் கூடும், உடம்பு இளைக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள்.

சமம் என்றால் இதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நம் ஊருக்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதில் நடந்ததை விலாவாரியாக வாயால் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப் பாடம் எழுத வேண்டியதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், பட்டாசு ஆலை வெடிப்பில் தப்பித்து வந்த ஒருவர், இவர்களை "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று போலீஸ், வக்கீல், சொந்தக்காரர் எல்லோரும் ஏற்கெனவே கேட்டு ஓய்ந்திருப்பார்கள். இன்னொருவரிடம் சொல்லப் பலருக்கு வாய் வராது. மனதில் வைத்திருந்தால் போதும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கயிறும் மந்திரிப்பும்

முதல் கேள்விக்கு வருகிறேன். பயந்துபோன பிள்ளையைக் கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிப் போவதையும், பாண்டி கோவிலில் போய் நிற்பதையும் நான் கேலி செய்யமாட்டேன். பயந்தவரைச் சுற்றி நாலு பேர் நிற்பதும், "உனக்கு ஒண்ணுமில்ல, சாமி பாத்துக்கும்" என்று நம்பிக்கையோடு சொல்வதும் வெறுமையான காரியங்கள் அல்ல. முதல் வாரங்களில் அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் ஒன்பது என்ற எண்ணை எழுதி வைக்கிறார்கள். நாலு அமர்வு முடிந்தும் அது ஒன்பதாகவே இருந்தால், சிகிச்சை தருபவர் வழியை மாற்றியாக வேண்டும், அல்லது வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குணமாகாததற்கு உங்கள் நம்பிக்கைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் நிறையப் பேர், அதனால் கெடுதல் இல்லை. காத்து கருப்பு என்று சொல்லி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதும், ஆளைக் கட்டி வைப்பதும்தான் கெடுதல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனதை நம் பக்கம் மறந்திருக்காது.

யார் அவசரப்படக் கூடாது

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், இல்லாத குரல் கேட்பவர், குடியை நிறுத்த முடியாமல் இருப்பவர், பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி எங்கோ போய்விடுபவர், இவர்களுக்கு முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். விரல் சுற்றுகளை அப்புறம் தொடங்கலாம். வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் கனவுகள் கூடும், உடம்பு அசதியாக இருக்கும், நடுவில் பழைய விஷயங்கள் தலைகாட்டும். இது எதிர்பார்க்கக்கூடியதே. போனில் ஒரு செயலியை இறக்கி, புள்ளி ஓடுவதைப் பார்த்துத் தானாகச் செய்துகொள்வது மட்டும் வேண்டாம். நினைவைக் கிளப்புவது சுலபம். கிளப்பியதை அடக்க ஆள் வேண்டும். உங்களுக்கு ஞாபகமே இல்லாத சம்பவத்தை வெளியே எடுத்துத் தருகிறேன், முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பவருக்கும் இந்தச் சிகிச்சைக்கும் சம்பந்தம் இல்லை. மனிதர்களுக்கு நடக்காததையும் ஞாபகமாக நட்டுவிட முடியும் என்பது உளவியலில் நன்கு தெரிந்த உண்மை.

எங்கே தொடங்குவது? நேராக இந்தச் சிகிச்சையைத் தேடிப் போவதைவிட, முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து, இருப்பது பி.டி.எஸ்.டி. தானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. மதுரையில் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. ஊரிலிருந்து வர முடியாவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை தேவையா என்பதையும் மருத்துவர்தான் முடிவு செய்வார். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலருக்குத் தூக்கத்தையும் படபடப்பையும் சரிசெய்து, பேச்சுச் சிகிச்சைக்கு உட்காரும் அளவுக்கு ஆளைத் தேற்றுகின்றன.

கண்ணசைவுச் சிகிச்சை தருகிறேன் என்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா? இந்த முறையில் அடிப்படைப் பயிற்சி முழுவதும் முடித்தவரா, மேற்பார்வையில் செய்து பழகியவரா? என் நிலை மோசமானால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? ஒரு வாரக் கடைசியில் ஆன்லைனில் சான்றிதழ் வாங்கியவர் இதில் கடைசிக் கேள்விக்குத் திணறுவார். எத்தனை அமர்வில் முடியும் என்று தோராயமாகச் சொல்பவரை நம்பலாம், "ஒரே சிட்டிங்கில் கியாரண்டி" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் இன்னொன்று. நம் டிரைவர் விபத்து இழப்பீட்டு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு காட்சியின் கூர்மை குறையும் என்பதால், நினைவில் இருப்பதை வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. சிகிச்சை நினைவைக் கலைத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ள இடம் வைக்கக் கூடாது. வக்கீலிடமும் சிகிச்சை தருபவரிடமும் இரண்டு பக்கமும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல சிகிச்சையாளர் இதைத் தானே கேட்பார். அப்புறம், விரல் சுற்றுகள் தொடங்கும் நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டாம். முடிந்து வெளியே வரும்போது தலை கனமாக இருக்கும். வண்டி ஓட்ட வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.